சாரின் பேனா என்ன நிறம்?

(பழைய மாணவர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை. பேசியதைப் பேசியபடியே எழுதித் தரச் சொன்னார்கள். அங்கங்கே கொஞ்சம் திருத்தியிருக்கிறேன், அவ்வளவுதான்.)



நம்ம செயலாளர் அண்ணன் என்னைப் பேசக் கூப்பிட்டபோது இரண்டு நிபந்தனை போட்டார். ஒன்று, டெக்னிக்கலாக ஏதாவது இருக்கணும். இரண்டு, சாப்பாட்டுக்கு முந்தின நேரம், யாரும் தூங்கிவிடக் கூடாது. எனக்கு வேலை கியர் பாக்ஸ் செய்யும் தொழிற்சாலையில். கியர் பாக்ஸைப் பற்றிப் பேசினால் முதல் நிபந்தனை நிறைவேறும், இரண்டாவது சத்தியமாக நிறைவேறாது. அதனால் ஒரு பேனாவைப் பற்றிப் பேசுகிறேன்.

இந்த மண்டபத்தில் பாதிப் பேர் அந்தப் பேனாவைப் பார்த்திருக்கிறீர்கள். நம்ம டிராயிங் சாருடைய பேனா. அவர் பெயரை மேடையில் சொல்ல வேண்டாம் என்று வீட்டில் கேட்டுக்கொண்டார்கள். சொல்லவும் தேவையில்லை. முதல் வருஷம் டிராயிங், மூன்றாம் வருஷம் மெட்ராலஜி, ஷீட்டில் கோடு அரை மில்லிமீட்டர் தள்ளிப் போனால் தாளைத் திருப்பிக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்த டேபிளுக்குப் போய்விடுவாரே, அவர்தான். 2011-ல் ஓய்வு பெற்றார், 2022-ல் காலமானார். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் நம்ம எல்லோருடைய ஷீட்டிலும் கையெழுத்துப் போட்டது ஒரே பேனா.

ஒரு சின்ன ஓட்டெடுப்பு. அந்தப் பேனா என்ன நிறம்? பிரவுன் என்கிறவர்கள் கை தூக்குங்க. மெரூன்? ம்... பின்வரிசையில் ஒரு அண்ணன் வயலட் என்கிறார், பக்கத்தில் இருக்கிறவர் சிரிக்கிறார். அண்ணே, சிரிக்காதீங்க. அவருக்குத்தான் பரிசு. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

போன வருஷம் சாருடைய வீட்டம்மா எனக்குப் போன் செய்தார்கள். நாங்கள் எல்லாரும் அவர்களை அம்மா என்றுதான் கூப்பிடுவோம். "ஏம்பா, நீதானே பேனா ரிப்பேர் எல்லாம் பண்ணுவே? ஒரு நாள் வந்துட்டுப் போ" என்றார்கள். குரல் சரியாக இல்லை.

போனேன். விஷயம் இதுதான். சின்ன மகன் அந்தப் பேனாவை, பழைய பேனா வாங்கி விற்கிற ஒருவரிடம் விலை கேட்கக் கொண்டு போயிருக்கிறார். விற்பதற்குக்கூட இல்லை, சும்மா தெரிந்துகொள்ளத்தான். அந்த வியாபாரி பார்த்துவிட்டு, "சார், இது சாதாரண மெரூன் பார்க்கர். கேப் இதோடது இல்லை, விலை குறைஞ்ச மாடலோட கேப்பை எடுத்து மாட்டியிருக்காங்க. உடம்பும் எங்கேயோ மாத்தினதுதான், எழுத்தே இல்லை பாருங்க. ரெண்டு மூணு பேனாவைச் சேர்த்து ஒண்ணாக்கினது" என்று சொல்லி, எண்ணூறு ரூபாய் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அம்மாவுக்குப் பணம் பெரிதில்லை. "அவரு அந்தப் பேனாவை யாருக்கும் தரமாட்டாரு. எங்கப்பா கொடுத்தது, எங்கப்பா கொடுத்ததுன்னு சொல்லிச் சொல்லியே வச்சிருந்தாரு. கடைசியில டூப்ளிகேட்டை வச்சுக்கிட்டா இத்தனை வருஷம் எழுதினாரு?" என்று கேட்டார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பேனாவைக் கையில் வாங்கினேன். கேப் கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது. என் முகமே அதில் தெரிந்தது. அப்போதுதான் வயிற்றைக் கலக்கியது.

அந்தக் கேப்பை அப்படி ஆக்கியவன் நான்.

2010-ல் நான் மூன்றாம் வருஷம். ஹாஸ்டலில் பசங்களுடைய பேனாவை எல்லாம் கழற்றி மாட்டிக் கொடுத்து, எனக்குப் பேனா டாக்டர் என்று பெயர். சார் ஒரு நாள் மெட்ராலஜி லேபில் கூப்பிட்டு, "இங்க் சரியா வரலை, கழுவிக் கொடுடா" என்று இதைக் கொடுத்தார். கழுவச் சொன்னால் கழுவிவிட்டு வரவேண்டியதுதானே? எனக்கு ஆர்வம். வார்டன் வீட்டில் குத்துவிளக்கு துலக்கும் பாலிஷ் இருந்தது. கேட்டு வாங்கிவந்து கேப்பைத் தேய்த்தேன், உடம்பையும் தேய்த்தேன், ஒரு ராத்திரி முழுக்கத் தேய்த்தேன். மறுநாள் பெருமையாக நீட்டினேன். சார் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அழுக்கு போயிடுச்சு. கூட என்னென்ன போச்சு?" என்று கேட்டார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

மெட்ராலஜி படிக்கிறவனுக்கு முதல் பாடம், ஸ்லிப் கேஜைத் துடைத்துவிட்டுத்தான் அளக்கணும். இப்போது என் வேலையில் அதற்கு நேர் எதிரான பாடம். ஒரு பேரிங் உடைந்து வந்தால் அதைத் துடைக்கவே கூடாது. அதிலுள்ள எண்ணெய், கரி, துரு, உடைந்த முகத்தில் கடற்கரை மணலில் அலை விட்ட கோடு மாதிரி வரிவரியாகத் தெரியும் தடம், இதையெல்லாம் வைத்துத்தான் எங்கே விரிசல் ஆரம்பித்தது, எப்படி வளர்ந்தது என்று கண்டுபிடிக்கிறோம். சுத்தமாகத் துடைத்து, பாலிதீன் கவரில் போட்டு அனுப்புகிற புண்ணியவான்கள் இருக்கிறார்கள். அவர்களை நான் எவ்வளவு திட்டியிருக்கிறேன் தெரியுமா?

அதனால் அந்த வியாபாரியைக் குறை சொல்ல மாட்டேன். முன்னால் இருந்த சாட்சியை வைத்து அவர் நியாயமாகத்தான் தீர்ப்புச் சொன்னார். சாட்சியைக் கலைத்தவன் நான். அம்மாவிடம் அதை அன்றைக்குச் சொல்ல வாய் வரவில்லை. "ரெண்டு வாரம் டைம் கொடுங்கம்மா" என்று மட்டும் சொன்னேன்.

இப்போது பேனாவுக்கு வருகிறேன். பார்க்கர் கம்பெனியை 1888-ல் அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்து ஜேன்ஸ்வில் ஊரில் ஆரம்பித்தவர் ஜார்ஜ் சாஃபோர்ட் பார்க்கர். அவரும் வாத்தியார்தான். தந்தி அடிக்கக் கற்றுத்தரும் பள்ளியில் ஆசிரியர். வருமானம் போதாமல் மாணவர்களுக்குப் பேனா விற்றார். விற்ற பேனா எல்லாம் ஒழுகி ஒழுகித் திரும்பி வந்தது. ரிப்பேர் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், நாமே ஒழுங்காக ஒன்று செய்வோம் என்று இறங்கியவர். 1939-ல், கம்பெனிக்கு 51-வது வருஷம் நடக்கும்போது தயாரானதால் இந்த மாடலுக்குப் பெயரே 51. அமெரிக்கக் கடைகளுக்கு 1941-ல் வந்தது.

இதன் விசேஷம் என்னவென்றால், இங்க்கில் ஆரம்பித்துப் பேனாவுக்கு வந்தார்கள். ஒற்றுத்தாள் இல்லாமலே உடனே காயும் இங்க் வேண்டும். ஆனால் உடனே காயும் இங்க், நிப்பின் முனையிலும் உடனே காய்ந்து அடைத்துக்கொள்ளும். அதனால் நிப்பை மூடி ஒரு முக்காடு போட்டார்கள், நுனி மட்டும் எட்டிப் பார்க்கும். அந்த இங்க் காரம் மிகுந்தது, அந்தக் காலத்துச் செல்லுலாய்டு பேனாவை அரித்துவிடும். அதனால் உடம்பை லூசைட் என்கிற அக்ரிலிக்கில் செய்தார்கள். முக்காடுக்குள்ளே சன்னமான தகடு தகடாக அடுக்கிய ஒரு பாகம் இருக்கிறது, அதற்குப் பெயர் கலெக்டர். மாவட்ட ஆட்சியர் இல்லை, இவர் உண்மையாகவே வேலை செய்கிறவர். (சிரிப்பு. முன்வரிசையில் வருவாய்த் துறை அண்ணன் ஒருவர் இருப்பதை அப்புறம்தான் பார்த்தேன், மன்னிக்கணும்.) கைச்சூட்டில் உள்ளே காற்று விரிந்து இங்க்கைத் தள்ளும்போது, அது தாளில் சொட்டாமல் அந்த இடுக்குகளில் தேங்கி நிற்கும். எழுத எழுத அங்கிருந்து நிப்புக்குப் போகும். ரேடியேட்டர் மாதிரி உருவம், ஏரி மதகு மாதிரி வேலை.

கோடிக்கணக்கில் விற்ற பேனா. அதனால் 51 என்ற ஒரே காரணத்துக்காக அது அபூர்வம் ஆகாது. எந்த வருஷம், எந்த வகை, எந்த நிறம், எல்லா பாகமும் கூடப் பிறந்ததா, இதுதான் கேள்வி.

முதல் சந்தேகம், இது சீனப் பேனாவா? நம்மில் பலர் பரீட்சை எழுதிய ஹீரோ பேனா, பார்க்கர் 51-ஐப் பார்த்துச் செய்ததுதான். தூரத்திலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி. இது சுலபமாகத் தீர்ந்தது. கேப்பில் பார்க்கர் பெயரும் அமெரிக்கத் தயாரிப்பு என்ற எழுத்தும் ஆழமாக இருந்ததால் என் பாலிஷிலிருந்து தப்பித்திருந்தன. எழுத்தை யாரும் வெட்டலாம் என்பீர்கள். சரி, பின்பக்கத்து உடம்பைத் திருகிக் கழற்றினேன். உள்ளே ஸ்டீல் கூடு, அதற்குள் கண்ணாடி மாதிரி பை, அதன் நடுவே மெல்லிய வெள்ளிக் குழாய். பையை அமுக்கி அமுக்கி விட்டால் இங்க் ஏறும். இதற்கு ஏரோமெட்ரிக் என்று பெயர். அந்தக் குழாயில் ஒரு ஊசித்துளை இருக்கும். விமானம் மேலே போய்க் காற்றழுத்தம் குறையும்போது பேனா ஒழுகாமல் இருக்க அந்த ஏற்பாடு. பை ரப்பர் இல்லை, ஒரு வகை வினைல். ரப்பராக இருந்தால் எப்போதோ பிசுபிசுத்து இற்றுப் போயிருக்கும். இது இன்றைக்கும் வேலை செய்கிறது. ஆக, சந்தேகமில்லாமல் பார்க்கர்.

இதிலேயே காலமும் கொஞ்சம் தெரிந்துவிட்டது. 51-ல் 1941-லிருந்து 1948 வரைக்கும் வாக்குமேட்டிக் என்று வேறு மாதிரி, பின்னால் ஒரு குமிழை அமுக்கி நிரப்பும் வகை. ஏரோமெட்ரிக் வந்தது 1948-ல். எனவே பேனா அதற்கு முந்தியது இல்லை.

எந்த வருஷம்? பார்க்கர் அந்த நாளில் பேனா உடம்பிலேயே, தயாரித்த வருஷத்தின் கடைசி எண்ணை மட்டும் சின்னதாகப் பொறிப்பார்கள். கூடவே காலாண்டுக்குப் புள்ளி வைக்கும் வழக்கமும் இருந்தது. நாள் போகப் போகப் புள்ளி ஒவ்வொன்றாகக் குறையும். நான் உடம்பைத் தேய்த்த தேய்ப்பில் அந்த இடம் வழவழவென்று இருந்தது. வியாபாரி எழுத்தே இல்லை என்றது இதைத்தான். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸை வைத்துக்கொண்டு, டார்ச்சை நேராக அடிக்காமல் படுக்கை வாட்டில் அடித்துப் பார்த்தேன். ஏதோ நிழல் மாதிரி தெரிகிறது, படிக்க முடியவில்லை. அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். "வெள்ளையா ஏதாவது தடவினா தெரியுமாப்பா?" என்று கேட்டுவிட்டு, எழுந்துபோய் சாமி அலமாரியிலிருந்து விபூதித் தட்டையே எடுத்து வந்துவிட்டார்கள்.

தடவவில்லை. ஒருமுறை தேய்த்துப் பட்டது போதும். லேசாகத் தூவி, பெயின்ட் அடிக்கும் மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிட்டேன். பள்ளம் இருந்த இடத்தில் மட்டும் விபூதி தங்கியது. அமெரிக்கத் தயாரிப்பு என்ற வார்த்தைகளில் பாதி. அதன் கடைசியில் 9.

9 என்றால் 1939 இல்லை, அப்போது 51 கடைக்கே வரவில்லை. 1959-ம் இல்லை, வருஷ எண் போடும் வழக்கத்தை அதற்கு முன்பே விட்டுவிட்டார்கள். நிரப்பும் முறையோடு சேர்த்துப் பார்த்தால் 1949. பக்கத்தில் புள்ளி இருந்ததா, இருந்தால் எத்தனை என்று எவ்வளவோ பார்த்தேன். அது போய்விட்டது. கொண்டுபோனது நான்.

அடுத்தது கேப். வியாபாரி சொன்னதில் விஷயம் இருக்கிறது. 1950-ல் பார்க்கர், ஸ்பெஷல் என்ற பெயரில் இதே 51-ஐக் கொஞ்சம் மலிவாக வெளியிட்டது. பெயர்தான் ஸ்பெஷல், நம்ம ஊர் ஸ்பெஷல் சாதா மாதிரி. அதன் கேப் பளபளப்பான ஸ்டீல், தலையில் கறுப்புக் கல், நிப் தங்கம் இல்லை, எட்டு உலோகம் கலந்த ஆக்டேனியம். நல்ல 51-க்குப் போடும் ஸ்டீல் கேப்புக்கு லஸ்ட்ரலாய் என்று பெயர். அதுவும் ஸ்டீல்தான், ஆனால் பளபளக்காது. மூச்சுக்காற்று பட்டது மாதிரி மங்கலான பட்டுப் பூச்சு இருக்கும். அதன் அழகே அந்த மங்கல்தான். விவரம் தெரிந்தவர்கள் அதன்மேல் பாலிஷ் துணியையே கொண்டுபோக மாட்டார்கள். ஒருதரம் போனால் திரும்ப வராது.

சாருடைய கேப் இப்போது பளபளக்கிறது. ஆனால் தலையில் இருக்கும் கல் கறுப்பு இல்லை, சாம்பல் கலந்த முத்து நிறம். முக்காட்டிலிருந்து எட்டிப் பார்க்கும் நிப் நுனி லென்ஸில் மஞ்சள், தங்கம். அப்புறம் கிளிப்பை ஒரு மெல்லிய தாளால் லேசாகத் தூக்கி, அடியில் வெளிச்சம் விட்டுப் பார்த்தேன். கிளிப்புக்கு நேர் கீழே, என் துணி நுழைய முடியாத அந்த ஒற்றைக் கோட்டு இடத்தில், பழைய மங்கல் அப்படியே இருந்தது. சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. கேப் மாற்றின கேப் இல்லை, என்னால் கெட்ட கேப்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ளணும். இந்த லஸ்ட்ரலாய் கேப், இதே பேனாவோடு தொழிற்சாலையை விட்டு வந்ததுதானா என்று யாரும் நிரூபிக்க முடியாது. அந்தக் காலத்து ஒரு 51-ன் கேப் பெரும்பாலும் இன்னொரு 51-க்கும் பொருந்தும். ஸ்பெஷல் கேப் இல்லை என்பது வரைக்கும்தான் நான் சொல்ல முடியும்.

கடைசியாக நிறம். இதில்தான் நான் மூன்று ஞாயிற்றுக்கிழமை செலவழித்தேன்.

51-ல் பர்கண்டி என்று ஒரு நிறம் உண்டு, நாம் மெரூன் என்போம். ஏராளமாகக் கிடைக்கும். கோக்கோ என்று ஒரு பிரவுன் உண்டு. பிளம் என்றும் ஒன்று உண்டு. அது அமெரிக்காவில் மட்டும், 1949-ஐ ஒட்டிய கொஞ்ச காலம்தான் போட்டார்கள், நிறுத்திவிட்டார்கள். சேர்க்கிறவர்கள் பல மடங்கு விலை கொடுத்துத் தேடுவது அதைத்தான். தொந்தரவு என்னவென்றால், மூன்றும் கறுத்த நிறங்கள். படத்தை வைத்துச் சொல்லவே முடியாது. கேமரா தனக்குப் பிடித்த மாதிரி நிறத்தை மாற்றிக்கொள்ளும். தனியாக ஒரு பேனாவை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, இது பிளம் என்று ஆசைப்பட்டு முடிவு செய்தவர்கள் நிறைய. நானும் அந்த ஆசையில்தான் இருந்தேன். வருஷம் வேறு 1949 என்று வந்துவிட்டதா, மனசு ஏற்கெனவே தீர்ப்பு எழுதிவிட்டது. அது ஆபத்து. 1949-ல் பர்கண்டியும்தான் போட்டார்கள்.

அதனால் பேனா சேர்க்கும் நண்பர் ஒருவரிடம் கெஞ்சி, சந்தேகமே இல்லாத பர்கண்டி ஒன்று, கோக்கோ ஒன்று இரவல் வாங்கினேன். அம்மா வீட்டு ஹாலில் மேஜைமேல் வெள்ளைத் தாளை விரித்து, டியூப் லைட்டில் மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். கோக்கோவுக்கும் சாருடைய பேனாவுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. நெஞ்சு உட்கார்ந்துவிட்டது. குண்டு பல்பில் பிடித்தேன், பர்கண்டி மாதிரி இருந்தது. எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார்கள். "நீ என்ன லைட்ல வச்சுப் பார்க்குறே? புடவை எடுக்கப் போனா கடைக்குள்ளேயா கலர் பார்ப்போம்? வாசலுக்கு எடுத்துட்டு வா" என்றார்கள்.

தம்பி தங்கைகளே, நான் நாலு வருஷம் படித்த படிப்பில், ஸ்பெக்ட்ரம் என்று ஒரு பேப்பரே எழுதியிருக்கிறேன். பழைய டியூப் லைட்டின் வெளிச்சத்தில் ஆழ்ந்த சிவப்பு குறைவு. குண்டு பல்பில் நீலம் குறைவு. ஒரு பொருள் சிவப்பையும் நீலத்தையும் சேர்த்துத் திருப்பி அனுப்பினால்தான் ஊதாவாகத் தெரியும். வெளிச்சத்தில் அவை இரண்டும் போதுமான அளவு இல்லையென்றால் பேனா எங்கிருந்து அனுப்பும்? இது எனக்கு எழுத்தில் தெரியும். அம்மாவுக்கு ஐம்பது வருஷம் புடவை எடுத்துத் தெரியும்.

காலை பத்து மணி, வாசல் திண்ணை, நேர் வெயில் இல்லாத நிழல். மூன்று பேனாவும் மூன்று நிறமாகப் பிரிந்தன. அம்மா ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொன்னார்கள். "இது அரக்கு. இது காபிப்பொடி. இது ரெண்டும் இல்லப்பா. அரக்குல அடியில சிவப்பு நிக்கும், இதுல நீலம் ஓடுது. சிவப்புப் பாவுல நீல ஊடு போட்ட மாதிரி. நாவப்பழக் கலர்."

அமெரிக்காக்காரன் பிளம் என்று வைத்த பெயருக்கு இதைவிட நல்ல தமிழ் எனக்குத் தெரியாது.

ஆனாலும் இன்ஜினியர் புத்தி விடுமா? பர்கண்டியே எழுபது வருஷ வெயிலில் நிறம் மாறி இப்படி ஆகியிருந்தால்? லூசைட்டில் நிறம் மேலே பூசியது இல்லை, உள்ளே வரைக்கும் கலந்தது. உடம்பைக் கழற்றி, மரையின் உள்பக்கம், வெளிச்சமே படாத இடத்தைத் திண்ணையில் வைத்துப் பார்த்தேன். அதே நாவல்பழம். கேப்புக்குள் ஒளிந்திருக்கும் முக்காடும் அதே நிறம். இங்க் ஊறிய கறையாக இருக்குமோ என்று நாள் முழுக்கப் பச்சைத் தண்ணீரில் வைத்தேன். ஸ்பிரிட்டில் வைத்திருந்தால் அக்ரிலிக் மயிரிழை மயிரிழையாக வெடித்திருக்கும், நல்லவேளை அந்தத் தப்பையாவது செய்யவில்லை. தண்ணீரில் பழைய நீல இங்க் கொஞ்சம் வந்தது, பேனா நிறம் அசையவில்லை. இன்றைக்கு இந்தப் பேனாவுக்குப் புதிதாக அக்ரிலிக்கில் உடம்பு கடைந்து தருகிறவர்கள் இருக்கிறார்கள், அப்படி ஒன்றாக இருக்குமோ? அதற்குப் பதில் உங்களிடம் இருந்தது.

பழைய மாணவர்கள் இருபது பேருக்கு மேல் போன் போட்டு, இப்போது உங்களிடம் கேட்ட அதே கேள்வியைக் கேட்டேன். பெரும்பாலும் பிரவுன், மெரூன். வயலட் மாதிரி என்றவர்கள் நாலே பேர். நாலு பேரும் 1980களில் படித்தவர்கள். எங்கே பார்த்தீர்கள் என்று நோண்டினேன். நாலு பேரும் டிராயிங் ஹாலில் ஜன்னலோர டேபிள். நம்ம பழைய டிராயிங் ஹாலுக்கு வடக்குப் பக்கம் முழுக்க ஜன்னல். வரைகிற இடத்தில் நிழல் விழாமல் சீரான வெளிச்சம் வேண்டும் என்று கட்டியவர்கள் அப்படிக் கட்டினார்கள். பிரவுன் என்றவர்களில் அநேகம் பேர் பேனாவைப் பார்த்தது மெட்ராலஜி லேபில். அது இருபது டிகிரி செல்சியஸில் வைக்கவேண்டிய அறை, ஜன்னலை எல்லாம் அடைத்து டியூப் லைட் போட்டது. பேனா ஒன்றுதான், நாம் பார்த்த அறை வேறு. 1980களிலேயே அந்த உடம்பு அந்த நிறம் என்றால், யாரும் சமீபத்தில் கடைந்து மாட்டியது இல்லை. அண்ணே, பின்வரிசை அண்ணே, நீங்க ஜன்னலோரம்தானே? (ஆமாம் என்று குரல். கைதட்டல்.)

பேனா எப்படி வந்தது என்று அம்மா ஒரு கதை சொன்னார்கள். சாருடைய அப்பா சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா. அமெரிக்கக் கோதுமை வந்த சமயம் ஒரு கப்பல் அதிகாரி கொடுத்துவிட்டுப் போனாராம். 1951-ல் அமெரிக்கா நமக்குக் கோதுமைக் கடன் கொடுத்தது சரித்திரம். கப்பல் அதிகாரி வீட்டுக் கதை. இரண்டும் ஒன்றோடொன்று மோதவில்லை என்பதற்கு மேல் நான் எதுவும் சொல்ல மாட்டேன். ஆனால் 1949-ல் அமெரிக்காவில் மட்டும் செய்த பேனா இங்கே வர ஏதோ ஒரு கப்பல் வேண்டியிருந்திருக்கும்.

இரண்டு வாரம் கேட்டேன், ஒரு மாதம் ஆகிவிட்டது. அம்மாவிடம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். டூப்ளிகேட் இல்லை, 1949, பிளம், அபூர்வம். விற்றால் நல்ல விலை வரும். கேப் மட்டும் நன்றாக இருந்திருந்தால், எழுத்தும் அழியாமல் இருந்திருந்தால், இன்னும் நிறைய வரும். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, அதையெல்லாம் கெடுத்தது நான்தான் என்று 2010 கதையைச் சொன்னேன். அந்த வியாபாரி சொன்னதைக் கேட்டு நீங்கள் பட்ட வேதனைக்குக் காரணம் நான்தான் என்றேன்.

அம்மா சிரித்துவிட்டார்கள். "தெரியுமே. அன்னிக்கு சாயங்காலம் வந்து சொன்னாரு. ஒரு பையன் கழுவச் சொன்னா வெள்ளிச் சொம்பு மாதிரி ஆக்கிட்டான், ராத்திரி பூரா தூங்காம தேய்ச்சிருக்கான், முகத்தைப் பார்த்தா ஒண்ணும் சொல்ல மனசு வரலைன்னாரு. அது நீதானா?"

பதினைந்து வருஷம் கழித்து, முப்பது வயசு தாண்டியவன், அந்த ஹாலில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

விற்கவில்லை. சின்ன மகனும் விற்கச் சொல்லவில்லை, அதையும் சொல்லவேண்டும். பேத்தி இப்போது பிளஸ் டூ, அவளுக்கு என்று முடிவு. "எழுதுமாப்பா?" என்று கேட்டார்கள். சார் மேஜையில் பாதி பாட்டில் ராயல் ப்ளூ இங்க் இருந்தது, ஆனால் அடியில் கசடு. புதுசு வாங்கிவரச் சொல்லி, பையை ஆறு தரம் அமுக்கி நிரப்பினேன். முதல் கோட்டிலேயே வந்தது, சார் டிக் போடும் அதே கனத்தில். நிரப்பும்போது முக்காடு எல்லாம் இங்க் ஆகிவிட்டது. பழக்கதோஷம், பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை உருவினேன்.

"தம்பி! நீ துடைக்காதே, இப்படிக் கொடு" என்று அம்மா பேனாவை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்கள்.